பணம் நேரா வந்துச்சு, திருட்டு பட்டியல்ல புகுந்துச்சு



கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிட்டுப் பணத்துக்குக் காத்துக் கிடக்கிறவருக்கும், மரவள்ளி போட்டவருக்கும், கல்வராயன் மலை மேல சாமை விதைச்சவருக்கும் மனசுல ஒரே கேள்விதான். நமக்குன்னு ஒதுக்குற பணம் எங்கேதான் போகுது?

1985-ல் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியே இதை ஒத்துக்கொண்டார். அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் 15 காசுதான் ஏழைக்குப் போய்ச் சேருகிறது என்றார். அதற்கு மருந்தாகத்தான் பணத்தை நேராக வங்கிக் கணக்கில் போடும் முறை வந்தது. இனி இடைத்தரகர் கிடையாது, லஞ்சம் ஒழிஞ்சுதுன்னு மேடைக்கு மேடை பேசினார்கள். நாமும் நம்பினோம். நடந்தது என்ன?

2019 பிப்ரவரியில் பிரதமரின் கிசான் திட்டம் தொடங்கியது. நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், 2,000 ரூபாயாக மூன்று தவணை. ஆரம்பத்தில் கிராம நிர்வாக அலுவலர் நிலத்தைச் சரிபார்த்தார். பிறகு இணையத்தில் தானே பதிவு செய்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். வந்த மனுவை வயலுக்குப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. ஒப்புதல் கொடுக்கும் ரகசியக் குறியீடு மட்டும் வேளாண்மைத் துறையிலிருந்து தரகர் கைக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கும் போனது.

2020 ஆகஸ்ட், செப்டம்பரில் குட்டு உடைந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை உட்பட 13 மாவட்டங்களில் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் பட்டியலில் புகுந்திருந்தார்கள். போன பணம் 110 கோடி ரூபாய். இது அன்றைய வேளாண்மைத் துறைச் செயலாளர் சொன்ன கணக்கு. ஒப்பந்த ஊழியர்கள் 80 பேர் நீக்கப்பட்டார்கள், அதிகாரிகள் 34 பேர் தற்காலிகப் பணிநீக்கம். சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது.

நடவடிக்கை எடுத்தது சரி. ஆனால் இதில் அடி வாங்கியது யார் என்று பாருங்கள்.

கொரோனா ஊரடங்கில் வேலையில்லாமல் கிடந்த கூலிக்காரர்களிடம் "இது கொரோனா பணம்"னு சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கினான் தரகன். வந்த பணத்தில் பங்கையும் எடுத்துக்கொண்டான். பிறகு திருப்பிக் கட்டச் சொன்னபோது கூலிக்காரன்தான் முழுசாகக் கட்ட வேண்டியிருந்தது. தரகன் தின்ற பங்குக்கும் சேர்த்து!

இன்னொரு பக்கம் பாருங்கள். குத்தகைக்கு உழுகிறவர் இந்தத் திட்டத்திலேயே கிடையாது. மலையில் தலைமுறை தலைமுறையாக உழுதும் பட்டா கைக்கு வராத குடும்பத்துக்கும் கிடையாது. காலமெல்லாம் மண்ணைக் கிளறியவன் வெளியே நிற்க, காணி நிலம் இல்லாதவன் பெயர் உள்ளே ஏறியது. இதற்குப் பேர்தான் ஊழல். பணம் போனது மட்டுமில்லை, உரியவன் இடமும் போனது.

ஏன் இப்படி நடக்குது? மனுசன் கெட்டவன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் தீராது. ஒப்புதல் கொடுப்பது ஒரு மூடிய அறையில் நடக்கிறது. ஊரில் யாருக்கும் பட்டியல் தெரியாது. அதிகாரி செய்ய வேண்டிய வேலையைக் குறைந்த சம்பளத்து ஒப்பந்தப் பிள்ளை செய்கிறான். தப்பு வெளியே வந்தால் கடைசி ஆள் தலையில் விழுகிறது. இந்த நாலும் சேர்ந்த இடத்தில் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் ஓட்டை விழும். ரொக்கமாகக் கொடுத்தால் கையில் திருடுவான். வங்கியில் போட்டால் பட்டியலில் திருடுவான்.

கண்டும் காணாமல் இருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம்ம மாவட்டம் 2024 ஜூனில் பார்த்தது. கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. கண்காணிக்க வேண்டியவன் கண்ணை மூடினால் போவது காசு மட்டுமில்லை, உயிரும்தான்.

பெருமக்களே! நம்ம பக்கமும் ஒரு குறை இருக்கு. "நூறு ரூபா கொடுத்தா வேலை சீக்கிரம் முடியும்"னு நாமளே நீட்டுறோம். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கினால், 7 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இதை ஊர் ஊராகச் சொல்லுங்கள்.

நாம் கேட்பது இதுதான்:

1. எந்தத் திட்டமானாலும் பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

2. ஒப்புதல் கொடுத்த அதிகாரியே நேரடிப் பொறுப்பு ஏற்க வேண்டும். ஒப்பந்த ஊழியரைக் காட்டித் தப்பக் கூடாது.

3. கல்வராயன் மலை மக்களுக்கு, வன உரிமைச் சட்டம் 2006-ன்படி உரியவர்களுக்கு, பட்டா கொடுக்க வேண்டும். குத்தகைதாரரையும் உதவித் திட்டங்களில் சேர்க்க வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிசான் திட்டத்தின் ஊர்வாரிப் பட்டியல் இணையத்தில் இருக்கு. படிச்ச பிள்ளைகளிடம் சொல்லி எடுத்து வாருங்கள். வருகிற கிராம சபையில் பெயர் பெயராக வாசிக்கச் சொல்லுங்கள். யார் நிலம் எங்கே இருக்குன்னு ஊருக்குத் தெரியாதா? கம்ப்யூட்டரை ஏமாற்றலாம், ஊர்க் கண்ணை ஏமாற்ற முடியாது. ஆதாரையும் பாஸ்புக்கையும் தரகன் கையில் கொடுக்காதீர்கள்.

வெளிச்சத்தில் வைத்த பட்டியலில் திருடன் கை வைக்க மாட்டான்!

கேட்போம்! கேட்டுப் பெறுவோம்! விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!