மகனுக்குப் பொருந்தாத காப்பீடு

பதிவுச் சான்றிதழில் தந்தையின் பெயர். காரை ஓட்டுவதோ மகனும் மகளும் மருமகனும். நம் குடும்பங்களில் இது இயல்பு. பிரிட்டனில் கார் காப்பீடு எடுப்பவர், அதை வழக்கமாக ஓட்டும் குடும்பத்தினரின் பெயர்களையும் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. உரிமையாளரின் அனுமதியும் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் இருந்தால் போதும் என்கிறது காப்பீட்டுப் பத்திரம்.

இந்தத் தாராளம், வண்டிக்கும் அதனால் பாதிக்கப்படும் மூன்றாம் நபருக்கும் மட்டுமே. மகன் ஓட்டிய கார் வழிப்போக்கர் மீது மோதினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரும். விரிவான காப்பீடு இருந்தால் காரின் சேதத்தையும் ஈடுசெய்யும். மகனே உயிரிழந்தால்?

கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டுத் தொகை 2018-இல் ரூ.15 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால், அது 'உரிமையாளர்-ஓட்டுநர்' காப்பீடு. பதிவுச் சான்றிதழில் பெயரும், கையில் உரிமமும் உள்ளவருக்கே உரியது. உரிமம் இல்லாத மனைவியின் பெயரில் காரைப் பதிவு செய்து கணவர் ஓட்டினால், பத்திரத்தின் வாசகப்படி இருவருக்குமே அந்தப் பாதுகாப்பு இல்லை.

இரவல் வாகனத்தை ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர். எனவே, அவர் அந்த வாகனத்தின் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தர்க்கத்தின்படி, அன்றைய பத்திரத்தில் உரிமையாளர்-ஓட்டுநருக்கென இருந்த ரூ.1 லட்சத்தை மட்டும் இறந்தவரின் குடும்பத்துக்கு வழங்க உத்தரவிட்டது. பத்திரத்தில் எழுதப்படாத இந்த உரிமையைப் பெற, நீதிமன்றப் படிகளைத்தான் ஏற வேண்டும்.

ஊதியம் பெறும் ஓட்டுநருக்காகச் சிறு கூடுதல் கட்டணத்தில் சட்டப் பொறுப்புக் காப்பீடு சேர்க்கலாம். பெயர் குறிப்பிட்டுக் குடும்பத்தினருக்கு விபத்துக் காப்பீடு சேர்க்கவும் மோட்டார் காப்பீட்டு விதிகளில் வழியுண்டு. எத்தனை முகவர்கள் அதை எடுத்துச் சொல்கிறார்கள்?

'உங்கள் வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள்?' என்ற கேள்வியை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும். உரிமம் பெற்ற குடும்பத்தினர் அனைவரையும் 'உரிமையாளர்-ஓட்டுநர்' என்ற வரையறைக்குள் கொண்டுவருவது அதனினும் நேர்மையான தீர்வு. அதுவரை, காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாளில் அந்தக் கேள்வியை நாமே முகவரிடம் எழுப்பியாக வேண்டும்.