இறக்கத்தில் ஒரு கணக்கு

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிக் காரிற் செல்வோர் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. கடுகண்ணாவை உச்சியைக் கடந்ததும் கியரை நியூற்றலுக்குத் தள்ளிவிட்டு, "இனிப் பெற்றோல் மிச்சம்" என்று மகிழ்வர். கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி, காருக்கு வாரம் 20 லீற்றர் என அளந்து பெற்ற 2022ஆம் ஆண்டை எண்ணினால், அந்த ஆசையைக் குறைகூற மனம் வராது. ஆயினும் கணக்குப் பிழையானது.

தற்காலத்துக் கார்களில், கியர் விழுந்திருக்க அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குச் செல்லும் பெற்றோல் பெரும்பாலும் தானே நின்றுவிடும். உருளும் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூற்றலிலோ, எஞ்சின் அணையாதிருக்கப் பெற்றோல் செலவாகிக்கொண்டே இருக்கும். பழைய காபரேற்றர் வண்டிக்கு ஏற்ற யுக்தி இன்றைய வண்டிக்கு ஏற்றதன்று.

அதனினும் பெரிது உயிர். எஞ்சினின் தடை நீங்கினால் வண்டியின் வேகத்தை பிறேக் ஒன்றே தாங்க வேண்டும். வளைவுக்கு வளைவு மிதிக்க, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

மிச்சம் பிடிக்க விரும்புவோர் பேராதனை நெரிசலில் அதனைச் செய்யலாம். பாய்ந்து சென்று சட்டென நிறுத்தாது, முன்வண்டிக்கு இடைவெளி விட்டுச் சீராகச் செலுத்துக. மலையிறங்கும்போது தாழ்ந்த கியரிலேயே இறங்குக. வீட்டில் வழிபார்த்திருப்போர் நம்மிடம் கேட்பது ஒரு கோப்பைப் பெற்றோலையா?