மரை கழன்றது யாருக்கு?

ஒரு திருகாணி தொலைந்துவிட்டது என்று வருகிறவனிடம், முழுக் கீலையும் சட்டத்தையும் சேர்த்து வாங்கு என்று சொல்வதற்கு வியாபாரம் என்று பெயரில்லை. பித்தான் அறுந்துவிட்டது என்று போனவனிடம், பித்தான் தனியாகக் கிடையாது, சட்டையை வாங்கிக்கொள் என்கிற கதைதான் இது.

காரின் பின்சீட்டு இப்போதெல்லாம் மடங்குகிறது. நாலு பேர் உட்காரலாம். மடக்கிவிட்டால் அரிசி மூட்டையோ கட்டிலோ ஏற்றலாம். நல்ல யோசனைதான். ஆனால் மடங்குகிற இடத்தில் அசைவு உண்டு. அசைகிற இடத்தில் திருகாணி தளரும். தளர்ந்தது ஒருநாள் விழும். என் வண்டியிலும் விழுந்தது. கம்பெனிக் கடைக்காரர் கணினியைப் பார்த்துவிட்டு, “தனியா வராது ஸார், ஃபுல் செட்டாத்தான் வரும்” என்றார். சரி, அளவையாவது சொல்லுங்கள் என்றேன். அதுவும் அவரிடம் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டால், “எல்லாம் உங்கள் உயிர்ப் பாதுகாப்புக்காகத்தான்” என்கிறார்கள். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலோ மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், பின்னால் கிடக்கும் 20 கிலோ பெட்டி ஏறக்குறைய 280 கிலோ பாரத்தைப் போல் சாய்மானத்தை முட்டும். அதைத் தாங்க வேண்டியவை கீலும் பூட்டும் அவற்றைப் பிடித்திருக்கிற திருகாணிகளும்தான். ஆகவே கைக்குக் கிடைத்த எதையாவது வைத்து முறுக்கிவிட்டு, “ஆடவில்லை, போதும்” என்று போகிறவனையும் நான் ஆதரிக்கவில்லை. 8 மில்லிமீட்டர் திருகாணி இருக்க வேண்டிய துளையில் 5/16 அங்குலத் திருகாணியை வைத்தால் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகும். கனத்தில் வித்தியாசம் அற்பம். மரையின் இடைவெளிதான் வேறு. அதற்கு மேல் வலிந்து முறுக்கினால் துளையின் மரையும் போய்விடும்.

பாதுகாப்புத்தான் நோக்கமென்றால், அளவை மறைப்பானேன்? திருகாணிக்கென்று உலகத்துக்குப் பொதுவான பாஷை ஒன்று இருக்கிறது. தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை வரை அறாது. அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்று அர்த்தம். கனம், மரை இடைவெளி, நீளம், இந்த எண் என்று நாலு விவரம் தெரிந்தால் எந்த ஊர்க் கடையிலும் சரியான திருகாணியைக் கேட்டு வாங்கலாம். அந்த நாலையும் சொல்லாதவர்கள்தான், தவறான திருகாணியைத் தேடும்படி நம்மைத் தெருவில் விடுகிறார்கள்.

பட்டறைக்கு ஒரு மரை என்றிருந்த காலத்தில், இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேர்த்து ஒப்பிட்டு, 1841இல் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவை முன்வைத்தார். ஒருவன் செய்த திருகாணி இன்னொருவன் செய்த யந்திரத்தில் பொருந்த வேண்டும் என்பதுதான் அதன் தர்மம். அந்தப் பொது அளவினால் லாபம் அடைந்து வளர்ந்த தொழில், இன்று அதே அளவை வாங்கியவனிடமிருந்து ஒளிக்கிறது!

அற்பத் திருகாணிக்கு இத்தனை ஆவேசமா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012இல், வண்டியைப் பழுது பார்க்கத் தேவையான விவரம் கம்பெனிக்கு மட்டும் சொந்தமல்ல என்று வாக்களித்தே சொன்னார்கள். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அது கவனிக்க எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. இத்தனை பேருக்குமா மரை கழன்றுவிட்டது?

லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியவனுக்கு அந்த வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் சொந்தம். அதன் அளவும் சொந்தம். வண்டியோடு தருகிற கைப்புத்தகத்தில், பாட்டுப்பெட்டியை இயக்குவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பின்சீட்டைத் தாங்கும் திருகாணிகளின் அளவை ஒரே ஒரு பக்கத்தில் அச்சிடட்டும். அதுவரை, பாதுகாப்பு என்ற சொல்லை அவர்கள் வாயால் கேட்க எனக்குச் சம்மதமில்லை.