ருசு யார் கையில்?

கடம்பூர் வழியாகப் போகிற ரயில் பிரயாணிகள் இந்த ஊரைப் போளிக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1876-இல் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த இந்த இருப்புப்பாதை, அதே காலத்தில் தாது வருஷப் பஞ்சமும் தலைவிரித்தாட, கரிசல் காட்டு ஜனங்களைக் கப்பல் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பாதையாகவும் இருந்தது என்பதை இன்றைய தலைமுறை அவ்வளவாக அறியாது. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் கம்பும் உளுந்தும் பருத்தியும் உண்டு. பொய்த்தால், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் முன்பணம் உண்டு என்பதே அந்நாளைய திருநெல்வேலிச் சீமையின் வானம் பார்த்த பூமிக்கு வாய்த்திருந்த ஏற்பாடு. அந்த முன்பணத்தைக் கடனாகத் தலையில் சுமந்துகொண்டு தூத்துக்குடியில் கப்பலேறியவர்களும், பிற்காலத்தில் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து இலங்கையின் தலைமன்னாரில் இறங்கியவர்களும், அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்து தீர்த்த பிறகுதான், ‘நீ இந்த நாட்டில் நிலையாகக் குடியிருந்தாய் என்பதற்கு ருசு என்ன?’ என்ற கேள்வி அவர்களை நோக்கி எழுந்தது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனின் பிறப்பைக் கொண்டு மகனின் உரிமையை நிர்ணயித்தது. பிறப்பைப் பதிவுசெய்யும் வழக்கம் ஊன்றாத நாளில் லயத்தில் பிறந்த தகப்பனுக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? அந்த வாயிலில் நுழைய முடியாதவர்களுக்கென்று 1949-இல் இன்னொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பாக, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது வசித்திருக்க வேண்டும், ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு அகன்றிருக்கக் கூடாது, மணமானவரானால் மனைவி மக்களும் அங்கேயே வசித்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகளை அடுக்கிய அச்சட்டம், விண்ணப்பிப்பதற்கு இரண்டே ஆண்டுத் தவணை கொடுத்தது.

இந்த நிபந்தனைகளின் கொடுமையை உணர, தோட்டத்து வாழ்க்கையைச் சற்றே அருகில் சென்று பார்க்க வேண்டும். விடியும் முன்னர்த் தப்படித்து எழுப்பப்பட்ட தொழிலாளி பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பான். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். வந்தவனுக்குப் பேர் விழும், வராதவனுக்கு விழாது. அந்தப் பேரைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏற்றி, அதன்படி சம்பளமும், அதில் பிடிக்க வேண்டிய அரிசிக் கணக்கும் எழுதப்பட்டன. உலகில் எந்தக் குடிமகனுடைய நாட்களும் இத்தனை நுணுக்கமாகக் குறித்துவைக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. ஆயினும் அந்தச் செக்ரோல் தோட்டத்துரையின் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. தொழிலாளியின் மடியில் இல்லை. பழைய தோட்டத்தை விட்டுப் புதிய தோட்டம் போனவனுக்கு முந்தைய ஆண்டுகளுக்கான அத்தாட்சி துரை மனம்வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. அவரும் சீமைக்குப் போய்விட்டாரானால், பத்து ஆண்டு உழைப்பும் காகிதத்தில் இல்லாமல் போயிற்று. சாகுபடிக் கணக்கான அடங்கலைத் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, ‘நீ பயிர் வைத்ததற்கு என்ன அத்தாட்சி?’ என்று உழவனைக் கேட்கிற கிராமக் கணக்கரின் நியாயம் இது.

இனி அந்த ‘இடைவிடாது’ என்ற நிபந்தனை. கரிசல் காட்டுக்காரன் கடல் தாண்டிப் போனாலும் காளியம்மன் கோயில் பொங்கலுக்கு ஊர் வருகிறவன். தாயின் கருமாதிக்கு வராமலிருந்தால் ஊர் அவனை மன்னிக்காது. வந்த இடத்தில் காய்ச்சல் கண்டோ, கையில் காசு தீர்ந்தோ, தங்கையின் கல்யாணத்தை முடித்துவிட்டுப் போகலாமென்றோ ஓராண்டைத் தாண்டிவிட்டால், அவனுடைய ஸ்திர வாசம் அறுந்ததாகச் சட்டம் கொண்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மனைவி கைக்குழந்தையோடு நீண்ட நாள் தங்கிவிட்டாலோ, அதுவும் கணவனின் விண்ணப்பத்துக்கு இடையூறாக வந்து நின்றது. தாய்வீட்டுப் பிரசவத்தை நாட்டுப் பற்றின்மைக்கு அடையாளமாகக் கருதிய சட்டம் வேறு எங்கேனும் உண்டோ, நான் அறியேன்.

விளைவு எதிர்பார்த்ததே. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர். எஞ்சியவர்களை என்ன செய்வதென்று இரு சர்க்கார்களும் பேசிப் பேசி, கடைசியில் 1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 9,75,000 ஜீவன்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிந்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களில் எவரையும் எவரும் கேட்கவில்லை. ஆனால் இக்கதையில் கவனிக்க வேண்டிய கடைசிக் கட்டம் வேறு: 2003-இல் இலங்கை நாடாளுமன்றமே, 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவழியினரும் அவர்கள் சந்ததியாரும் பிரஜைகளே என்று ஒரு சட்டத்தால் சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு காலம் துருவித் துருவிக் கேட்ட நாடே கேட்பதை நிறுத்திக்கொண்டது.

நாம் நிறுத்தவில்லை. எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதை நம் பக்கத்தார் அறிவர். 1983 இலங்கை இனக் கலவரத்துக்குப் பின் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகத் தமிழ்நாட்டு முகாம்களில் இன்று அரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர்ப் பலகை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது; உள்ளே இருப்பவர்களின் நிலை மாறவில்லை. இவர்களில் ஒரு பகுதியினர் நம் கிராமங்களிலிருந்து போன தோட்டத் தொழிலாளரின் சந்ததியினரே. இந்திய வம்சாவழியினர் இங்கே ஏழு ஆண்டு வசித்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்கிறது நம் சட்டம். உரிய பயணப் பத்திரமின்றி வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’, அவருக்கு அந்த வழி இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. வீட்டுக்குத் தீ வைத்தவனிடமிருந்து தப்பித் தோணியேறுகிறவன் விசா வாங்கிக்கொண்டா வருவான்? ஆகவே நாற்பது ஆண்டு வாசமும் கணக்கில் சூன்யமாகிறது. தாத்தாவுக்கு அங்கே வாசத்தை நிரூபிக்கக் காகிதம் கிடைக்கவில்லை. பேரனுக்கு இங்கே காகிதம் மலையாகக் குவிந்திருந்தும் வாசம் செல்லவில்லை.

குவிந்திருக்கிறது என்பது மிகையன்று. முகாமில் குடும்பந்தோறும் தலைகளை எண்ணிச் சரிபார்த்துப் பதிந்த பிறகே மாதாந்திரப் பணக்கொடை. வெளியூர் சென்று தங்கினால் தகவல் சொல்ல வேண்டும். ரேஷன், பள்ளிக்கூடம், பிறப்பு, இறப்பு யாவும் சர்க்காரின் ஏடுகளிலேயே ஏறியிருக்கின்றன.

போலி மனுக்கள் புகுந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை நான் அற்பமென்று ஒதுக்க மாட்டேன், எந்த ராஜ்யமும் அத்தாட்சியில்லாமல் உரிமை வழங்க இயலாது. ஆனால் அத்தாட்சி சர்க்காரின் வசமே இருக்கும்போது மோசடிக்கு இடம் எங்கே? இந்திய வம்சாவழியைச் சேர்ந்த 65 முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாமென்றும் மத்திய அரசு பதினாறு வாரத்தில் முடிவெடுக்க வேண்டுமென்றும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைக் குறிப்பிட்டது, இலங்கையைக் குறிப்பிடவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, முகாமில் பிறந்த ஒருவர் நீதிமன்றம் ஏறிப் பாஸ்போர்ட் பெற்று, 2024-இல் வாக்களித்தார். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கும் இலங்கையில் பிறந்தவர்களுக்கும் அந்தத் தேதி உதவாது. 2025-இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பயணப் பத்திரம் இல்லாத குற்றத்திலிருந்து விலக்களித்தது. நல்ல காரியம், ஆயினும் குற்றவாளியல்ல என்பதும் குடிமகன் என்பதும் ஒன்றாகிவிடா.

ஆகவே கேட்க வேண்டியது சுருக்கமானது. முகாம் பதிவேட்டில் தொடர்ந்து பெயருள்ள ஆண்டுகளைச் சட்டபூர்வமான வாசமாக மத்திய அரசு ஏற்க வேண்டும். அவற்றின் சான்றிட்ட நகலை, மனுதாரரை அலையவிடாமல், தமிழ்நாட்டு வருவாய்த் துறையே விண்ணப்பத்தோடு இணைத்தனுப்ப வேண்டும். இதை நாடாளுமன்றத்தில் எழுப்பும் கடமை, தோட்டத்துக்கு ஆளனுப்பிய மாவட்டங்களின் உறுப்பினர்களுக்கு மற்ற எவரைக் காட்டிலும் அதிகம். வாக்குக் கேட்டு அவர்கள் கடம்பூருக்கும் கோவில்பட்டிக்கும் வருகிறபோது நாம் அதைக் கேட்க வேண்டும்.