பிரேக் போட்டால் ஸ்டியரிங் ஆடுகிறதா?

காய்கறி லோடு அடிக்கும் எங்க பிக்கப் வண்டிக்குப் புது டிஸ்க் போட்ட மறு வாரமே, பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. 'மறுபடி டிஸ்க் மாத்தணும்' என்றார் மெக்கானிக். ஆயிரக்கணக்கில் செலவாச்சே!

ஷெட் வைத்திருக்கும் என் தம்பியிடம் கேட்டேன். சும்மா ஓடும்போதும் ஆடினால் வீல் பேலன்ஸிங் பார்க்கணுமாம். பிரேக் போடும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். சீட் அதிர்ந்தால் பின் டிரம். கழற்றிப் பார்த்தால், டிஸ்க் உட்காரும் ஹப்பில் ஒரே துரு! 0.1 மில்லி மீட்டர் கோணினாலே நடுக்கம் வருமாம். துருவைச் சுரண்டித் துடைத்து, டயல் கேஜ் வைத்துப் பார்த்து, வீல் நட்டுகளை எதிரெதிராக முடுக்கினான். நடுக்கம் நின்றது.

தேய்ந்த பழைய டிஸ்க் என்றால் லேத்தில் கடையலாம். ஆனால் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போனால், சிக்கனம் பார்க்காமல் மாற்றிவிடுங்க.