சத்தத்துக்குத்தானே என்று எந்த மருந்தையும் அடைக்கலாமா?

காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசாமல் கலைகிற விவசாயிகள் கூட்டம் இப்போது கிடையாது. நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் ஓர் இரவு கண்ணயர்ந்தால் போதும், காலையில் கொல்லை ஏர் ஓட்டியது போலக் கிடக்கிறது. ஆகவே வீட்டில் துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள், பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கியை மறுபடி எடுத்துத் துடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். துடைப்பது நல்லதே. அதில் எதைப் போட்டு வெடிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

எனக்கு வீடு முடிச்சூரில். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர் இது. இப்போது மனைக் கற்கள் முளைக்கின்றன. மிச்சமிருக்கும் நிலம் உத்திரமேரூர்ப் பக்கம் இரண்டரை ஏக்கர். தகப்பனார் பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி, அவருக்குப் பின் என் பெயருக்கு மாறியது.

தாம்பரம் பக்கம் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்களுக்குக் குறைவில்லை. டீக்கடையில் பன்றிப் பேச்சு வந்தால், "பழைய 303 ஒன்று கிடைத்தால் ஒரே குண்டில் தீர்ந்தது" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அது நடக்காத காரியம். 303 இராணுவ வகை. அந்தத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே தடுத்துவிட்டார்கள். அதனால்தான் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை, கிட்டத்தட்ட அதே அமைப்பில் 315 என்ற வேறு அளவு ரைபிளைப் பொதுமக்களுக்காகச் செய்தது. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி, தோட்டா வேறு. போதாதென்று, 303-ன் குழலைக் குடைந்து 410 மஸ்கட் என்று காவல் படைகளுக்குக் கொடுத்ததும் உண்டு. அதன் தோட்டா இன்னும் வேறு. துப்பாக்கியின் முகத்தைப் பார்த்துத் தோட்டா போடுகிறவன் பிழைக்க மாட்டான்.

மேலும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சொல்வது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், குழலுக்குள் திருகு வரி இல்லாத வேறு துப்பாக்கியை. ரைபிள் இந்தக் கணக்கிலேயே வராது. அது நியாயம் என்றுதான் நான் சொல்வேன். 303 குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரை எடுக்கும். நம் கொல்லையிலிருந்து அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

உரிமம் கையில் இருப்பதால் பன்றியைச் சுடலாம் என்றும் நினைக்கவேண்டாம். 2022-இல் திருத்திய வன உயிரினச் சட்டத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் நம் மாநில வனத்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த ஏற்பாடும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடுவார்கள் என்பதே. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. அப்படியானால் நம் துப்பாக்கிக்கு மிஞ்சிய வேலை சத்தம் போட்டு விரட்டுவது ஒன்றுதான்.

இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. "சத்தத்துக்குத்தானே, எந்த மருந்தாக இருந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். என் தாய்மாமன் ஒருவர் இதே வார்த்தையைச் சொன்னவர். அவரிடம் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. கருமருந்து தீர்ந்துபோன சமயம், பழைய தோட்டா இரண்டைப் பிரித்து, அதிலிருந்த மருந்தை வழக்கமான அளவில் கொட்டி, தக்கை வைத்து இடித்தார். குதிரையைத் தட்டியதும் குழல் அடிப்பக்கத்தில் பிளந்தது. இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போயின. அதற்குப் பிறகு அவர் மண்வெட்டி பிடித்ததில்லை.

காரணம் எளிது. கருமருந்து புகை கக்கி எரிவது. அதைத் தாங்கும் அளவுக்குத்தான் நாட்டுத் துப்பாக்கியின் குழல். தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அதே அளவுக்குப் பல மடங்கு அழுத்தம் தரும். நம் அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாகக் கார்டைட் முதலிய இவ்வகை மருந்துகளைச் செய்கிறார்கள். அங்கே ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துப் பார்த்த பிறகே, இன்ன துப்பாக்கிக்கு இன்ன அளவு என்று வெளியே அனுப்புவார்கள். அந்த வேலையைத் திண்ணையில் உட்கார்ந்து தேக்கரண்டியால் செய்ய முடியாது. குண்டு இல்லை, வெறும் சத்தம் என்றாலும் குழலுக்குள் அழுத்தம் உண்டு. பட்டாசு மருந்தும் இதே கதைதான். சுட்ட தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்தும் ரவையும் அடைத்து வாயை மெழுகால் மூடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மருந்து குறைந்தால் தக்கை குழலுக்குள்ளேயே நின்றுவிடும். வெறும் 'புஸ்' என்று சத்தம் வரும். இருட்டில் அதைக் கவனியாமல் அடுத்ததைப் போட்டால் குழல் வெடிக்கும்.

நனைந்த தோட்டாவும் இப்படியே. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது, என் பீரோவில் இருந்த தோட்டாக்கள் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தன. பலர் வெயிலில் காயவைத்து வைத்துக்கொண்டார்கள். வெளியே காய்ந்தது உள்ளே காய்ந்ததாகாது. ஒன்று வெடிக்காது, ஒன்று அரைகுறையாக எரியும், ஒன்று தாமதித்து வெடிக்கும். விசை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால், ஆளில்லாத திசையில் குழலை வைத்தபடியே ஒரு முழு நிமிடம் நில்லுங்கள். உடனே மடக்கித் திறக்காதீர்கள்.

கடைத் தோட்டாவிலும் ஒரு பொறி உண்டு. பழைய 12 போர் துப்பாக்கிகள் சில 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குக் குடைந்தவை. 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் இடறாமல் உள்ளே போகும். ஏனென்றால் அந்த எண் வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். விரிய இடமில்லாமல் வாய் நெருக்கும்போது அழுத்தம் எகிறும். உள்ளே போயிற்று என்பதால் பொருந்திற்று என்று எண்ணாதீர்கள். குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணை, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

விவசாயியை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. சரியான தோட்டாவோ கருமருந்தோ வாங்க ஒரு நாள் கூலியை விட்டுப் பட்டணம் போகவேண்டியிருக்கிறது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியையே ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பன்றிக்கு ஏது தேர்தல்? என் நனைந்த தோட்டாக்களைக் கொடுக்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். வாங்கிக்கொள்வது யார் பொறுப்பு என்று சொல்ல அங்கே ஆளில்லை. இப்படி இருந்தால் சிலர் வீட்டிலேயே அடைக்கத்தான் செய்வார்கள். சிலர் அவுட்டுக்காய் வைத்து ஆட்டையும் மாட்டையும் யானையையும் வாய் சிதறச் சாகடிப்பார்கள்.

வட்டந்தோறும் ஆண்டுக்கு ஒரு முறை ஜமாபந்தி நடக்கிறது. அதே நாட்களில், காவல் துறை ஆயுதப் பிரிவில் விவரம் தெரிந்த ஒருவரை ஒரு மேசையில் உட்கார வைக்கலாம். உரிமத் துப்பாக்கிகளின் குழலைப் பார்த்து, இதற்கு இன்ன தோட்டா என்று உரிமத்தில் எழுதிக் கொடுக்கட்டும். விரிசல் கண்ட துப்பாக்கியைச் சுடாதே என்று சொல்லட்டும். பழைய, நனைந்த தோட்டாக்களைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு ரசீது தரட்டும். என் வீட்டில் இன்னும் பதினொன்று இருக்கின்றன; முதல் ஆளாக நானே கொண்டுபோகிறேன்.

— முடிச்சூர் விவசாயி