ஓசூர் மண்ணுக்கு எந்த டயர்?

மழைக்காலம் நெருங்கினால் ஓசூர் டயர் கடைகளில் ஒரு தனிக் கூட்டம் சேர்ந்துவிடும். மஹிந்திரா தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்ஸி, பொலேரோ என்று வண்டி எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "எம்.டி. போடலாமா, ஏ.டி. போதுமா?" எம்.டி. என்பது சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர். ஏ.டி. என்பது தார்ச்சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண் எம்.டி. மேல்தான் போகும். விரல் நுழையும் இடைவெளிகளும் கனமான ரப்பர் பட்டன்களும் வண்டிக்கு ஒரு மிடுக்கைத் தருகின்றன. அந்த மிடுக்குக்காகவே பணம் கொடுத்துவிட்டு, அடுத்த மூன்று வருடம் அதன் இரைச்சலோடு பெங்களூருக்கும் சேலத்துக்கும் ஓட்டுகிறவர்கள் பலர். இந்த வாரம் அதைப் பற்றி விரிவாகவே எழுத நினைத்தேன்.

நம் பகுதியில் டயரைச் சாகடிப்பது சேறு அல்ல, கல். தேன்கனிக்கோட்டையிலிருந்து பெட்டமுகிலாளம் ஏறும் வழியாக இருக்கட்டும், அஞ்செட்டிக்கும் நாட்றாம்பாளையத்துக்கும் பக்கத்து மலைக் கிராமப் பாதைகளாக இருக்கட்டும், சூளகிரி, பர்கூர் பக்கத்துக் குவாரி வழிகளாக இருக்கட்டும், மேலே மெல்லிய செம்மண், அடியில் பாறை. மழை பெய்தால் ஒரு நாள், இரண்டு நாள் வழுக்கும். அப்புறம் மண் அரித்துப்போய், கத்தி முனை போன்ற கற்கள் வெளியே தலை நீட்டும். கிரஷர் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் ஜல்லி வேறு. கிரானைட்டுக்குப் பேர்போன நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வண்டி வைத்திருப்பவர் முதலில் பயப்பட வேண்டியது அந்த விளிம்புகளுக்குத்தான்.

ஆழமான சேறு இங்கே இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே ஆயக்கட்டு நெல் வயல்கள் இருக்கின்றன. ஏரி உள்வாய்கள் இருக்கின்றன. புதுத் தொழிற்சாலைக்காகத் தோண்டிப் போட்ட மனைகளில் ஒரு மழைக்குப் பிறகு டிப்பரே புதைந்து நிற்பதைப் பார்க்கிறோம். அங்கே தினமும் போக வேண்டியவருக்கு எம்.டி. தேவைதான். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி.

எம்.டி. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபமாகும். பட்டன்களுக்கு நடுவே அகலமான பள்ளம். சேறு அதில் நிறையும், சக்கரம் சுற்றும் வேகத்தில் வெளியே வீசப்படும், அடுத்த சுற்றில் காலியான பள்ளம் மறுபடி மண்ணைக் கவ்வும். பள்ளம் குறுகலான சாதா டயரில் சேறு அடைத்துக்கொண்டு முழு டயரும் வழவழப்பான உருளையாகிவிடுகிறது. சாதா கார் டயரில் பட்டன் உயரம் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். எம்.டி.யில் 13, 15 வரைகூட இருக்கும். இத்தனையும் சேற்றுக்கு வரம். ஆனால் கூர்மையான கல் மேல் சக்கரம் சுழன்றால் இதே உயரமான, தனித்து நிற்கும் பட்டன்கள் துண்டு துண்டாகப் பிய்கின்றன. பெரிய பள்ளங்களில் சிக்கும் கற்கள் ஓட ஓட உள்ளே துளைத்துப் போகின்றன. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் வைத்து கல்லை வெளியே தள்ளும்படி செய்த டயர்கள் உண்டு. வாங்கும்போது அந்த மேடுகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நம் வண்டிகளின் வாழ்க்கையில் பெரும்பகுதி ஓடுவது தேசிய நெடுஞ்சாலையில். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நடுவில் மேலுமலை இறக்கம். சேலம் போனால் தொப்பூர் கணவாய். மழையில் நனைந்த தொப்பூர் இறக்கத்தில், முன்னால் போகும் கன்டெய்னர் லாரி திடீரென்று பிரேக் அடிக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பரின் அளவு. எம்.டி.யில் பள்ளம் அதிகம், ரப்பர் குறைவு. ஈரத் தார்ச்சாலையில் அது நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடுதல். கனமும் கூடுதல் என்பதால் டீசலும் கூடுதலாகக் குடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எழும் ஓலம் குழந்தைகளைத் தூங்கவிடாது. வாரம் ஒரு முறை கிடைக்கும் சேற்று உல்லாசத்துக்காக தினசரி ஈரச்சாலையில் குடும்பத்தின் உயிரை அடகு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முகத்தைப் பார்க்காதீர்கள், விலாவைப் பாருங்கள். ராயக்கோட்டை சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "ஆணி ஏறினா ஸ்ட்ரிப் போட்டு அனுப்பிருவேன் சார். சைடு கிழிஞ்சா என்கிட்ட கொண்டு வராதீங்க, தூக்கிப் போட்ருங்க" என்றார். கல் பாதையில் டயர் கிழிவது பெரும்பாலும் பக்கவாட்டில்தான். அங்கே எஃகுக் கம்பி அடுக்கு கிடையாது, வெறும் நூல் அடுக்கும் ரப்பரும்தான். ஓட்டும்போது அதிகம் வளைந்து நிமிரும் இடமும் அதுவே. அங்கே போடும் ஒட்டு நம்பத் தக்கதல்ல.

ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் அது எதனால் ஆனது என்று சிறிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். ட்ரெட் என்ற சொல்லுக்கு நேரே இத்தனை பாலியஸ்டர், இத்தனை ஸ்டீல் என்றும், சைடுவால் என்ற சொல்லுக்கு நேரே இத்தனை பாலியஸ்டர் என்றும் இருக்கும். சைடுவாலுக்கு நேரே 3 என்று இருந்தால் மூன்று அடுக்கு. சாதாரண டயர்களில் 1 அல்லது 2. கல் நாட்டுக்கு அந்த ஒரு எண் போதும், பாதி முடிவு எடுத்துவிடலாம். தோள்பகுதியில் பட்டன்கள் பக்கவாட்டு வரை இறங்கி வந்திருந்தால் இன்னும் நல்லது. கல் முதலில் அந்தத் தடித்த ரப்பரில்தான் மோதும். மூன்று அடுக்குள்ள நல்ல ஏ.டி. டயர்கள் இப்போது வருகின்றன. இரண்டே அடுக்கில், முகத்தில் மட்டும் முரட்டுத்தனம் காட்டும் எம்.டி.யைவிட அவை நமக்கு நெடுநாள் உழைக்கும்.

அடுத்தது எடை தாங்கும் எண். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 116 என்றால் 1,250 கிலோ. அதை அடுத்து வரும் எழுத்து வேகத்தைக் குறிக்கும். க்யூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர். வண்டியோடு வந்த எண்ணுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது சிறு லாரி வகை. கட்டுமானம் உறுதியானது, ஆனால் அதே எடையைத் தாங்க சாதா டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும். இதைச் சொல்லாமலே விற்றுவிடுகிறார்கள். பழைய காற்றிலேயே ஓட்டினால் சூடேறி உள்ளடுக்கு பிரிந்துபோகும்.

அகலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகலமான டயர்தான் பலம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ. அஞ்செட்டி மலைப்பக்கம் மூட்டையும் ஆளும் ஏற்றிப் போன பழைய ஜீப்புகளில் இருந்தது ஆறு-பதினாறு என்று எல்லோரும் சொல்லும் ஒல்லியான 6.00-16 டயர். மேலே ஒரு சாண் வழுக்கல், அடியில் கெட்டித் தரை என்ற மண்ணில் ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி, கெட்டியைத் தொட்டு ஏறிவிடும். அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும். மணல்வெளிக்கு அகலம் நல்லது. நம் மாவட்டத்துக்குக் கம்பெனி கொடுத்த அகலமே போதும்.

உயரத்தைக் கூட்டுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 265/75 ஆர்16 போட்டால் 804. ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ல் போய்க்கொண்டிருக்கும். ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் உள்ளே உரசும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கேள்விகள் தனி.

எந்த டயரும் ஒற்றையாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 2020 ஜூன் மாதம் புதிய டயர்களின் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. வெளிநாட்டு எம்.டி.யையே நம்பியிருந்தவர்கள் அப்போது அளவு கிடைக்காமல் அலைந்தார்கள். நான்கு சக்கர இழுவை வண்டியில் மூன்று தேய்ந்த டயரும் ஒரு புது டயரும் போட்டால் விட்டம் மாறி கியர் பெட்டிகள் திணறும். அதனால் ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தாக வாங்கி, ஐந்தையும் சுழற்சியில் மாற்றிப் போட்டு ஓட்டுவதுதான் சிக்கனம். தயாரித்த தேதியைப் பார்க்க மறக்க வேண்டாம். நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். கிடங்கில் கிடந்து காய்ந்த டயரைத் தள்ளுபடி விலையில் தலையில் கட்டுவது நடக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே சாலையில் ஓட்டக் கூடாது. சேற்றிலோ கல்லிலோ ஓட்டுகிறவர் அதற்கு வெகு முன்பே மாற்றிவிட வேண்டும்.

இத்தனை பார்த்து வாங்கியவரும் காற்று விஷயத்தில் கோட்டை விடுகிறார். பாறைப் பாதையில் 35 பி.எஸ்.ஐ. காற்றோடு போகும் டயர் விறைத்து நிற்கும். கல்லைத் தழுவிப் போகாமல் எதிர்த்து நிற்கும், அதனால் வெட்டுப்படும். 20, 22 என்று இறக்கினால் டயர் கல்லின் மேல் படிந்து ஏறும், சேற்றிலும் பிடிமானப் பரப்பு நீளும். 15-க்குக் கீழே போனால் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காற்றைக் குறைத்தபின் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு சின்ன கம்ப்ரஸரும் காற்றழுத்த மானியும் வண்டியில் இருந்தால் போதும். எம்.டி. செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஏ.டி. செய்துவிடும். கம்ப்ரஸருக்கும் மானிக்கும் ஆகும் செலவு ஒரு டயர் விலைகூட இல்லை.

டயர் செய்ய முடியாததையும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். ஓடும் தண்ணீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இரண்டடி இருந்தால் ஜீப்பையும் தள்ளிவிடும். தரையை விட்டுத் தூக்கப்பட்ட வண்டிக்கு எம்.டி. என்ன, ஏ.டி. என்ன, பட்டன் இருந்து பயனில்லை. "நம்ம வண்டி போகும்" என்று தரைப்பாலத்தில் இறங்கும் இளைஞர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் என்னை உறுத்துகிறது. விடுமுறை நாட்களில் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வரிசையாக ஜீப்புகள் தளி, தேன்கனிக்கோட்டை மலைகளுக்குப் போகின்றன. ஈர மண் பாதையில் எம்.டி. சக்கரத்தை வேண்டுமென்றே சுழற்றி வீடியோ எடுக்கிறார்கள். அந்தச் சுழற்சி பாதையில் ஆழமான தடம் வெட்டுகிறது. அடுத்த மழையில் அந்தத் தடமே ஓடையாகிப் பாதையை அரித்துவிடுகிறது. அந்தப் பாதையில்தான் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள், பிரசவ வலியெடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு வண்டி இறங்குகிறது. நம் அரை மணி நேர மகிழ்ச்சிக்கு அவர்கள் ஒரு பருவம் முழுக்க விலை கொடுக்கக் கூடாது. காடு இன்னும் கண்டிப்பான இடம். இங்குள்ள காவிரி வடக்கு சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டவை. ஆண்டுதோறும் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கி வரும் வழிகள் அவை. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டி விடுவது குற்றம்.

என் தீர்ப்பு இதுதான். அணைக்குக் கீழே வயல் வைத்திருப்பவர், கட்டுமான மனைக்கு மழையிலும் தினம் போகிறவர் மூன்று அடுக்கு சைடுவால் உள்ள எம்.டி. வாங்கட்டும். வாங்கிய பின் ஈரச்சாலையில் வேகத்தைக் குறைத்து, முன் வண்டிக்கு இரட்டிப்பு இடைவெளி விடட்டும். தொழிற்சாலைக்கும் ஊருக்கும் ஓட்டிவிட்டு, மாதம் ஒரு முறை மாந்தோப்புக்கோ மலைக்கோ போகிற மற்ற எல்லோரும், கம்பெனி கொடுத்த அளவிலேயே மூன்று அடுக்கு ஏ.டி. டயர் ஐந்து வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு கம்ப்ரஸர் வாங்கிப் பின்பக்கம் போட்டு வையுங்கள். மலைப்பாதையில் சக்கரம் சுழலத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இறங்கி, காற்றை இறக்குங்கள்.